அருளாயி பாயிண்ட்

போன சனிக்கிழமை, கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில், முன்பின் தெரியாத ஒரு மனுஷரோடு சண்டை போட்டுவிட்டேன். டீக்கடை வாசலில், நாலு பேர் பார்க்க. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கோபம் புதிதில்லை. பஸ் கண்டக்டர், மின்சார ஆபீஸ், ஓயாமல் லவுட் ஸ்பீக்கர் போடுகிற பக்கத்து லாட்ஜ்காரர் என்று எல்லாரோடும் மல்லுக்கு நின்றவன்தான் நான். ஆனால் அந்த மனுஷர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

நடந்தது இதுதான். வத்தலக்குண்டு பஸ் லேட். டீயும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். கீழ் வளைவிலிருந்து ஒரு பெரியவர் ஏறி வந்தார். அறுபத்தைந்து வயசு இருக்கலாம். பாதியில் ரோட்டோரத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது, ஒரு கை நெஞ்சுக்கு நடுவில். கூட வந்தவர் — மகனோ, மருமகனோ — சிரித்துக்கொண்டே கடைக்காரரிடம் சொன்னார், பெரியவருக்குக் கொஞ்ச நாளாக மலை ஒத்துக்கொள்ளவில்லையாம், ஒரு மாசம் கீழே கொண்டுபோய் விட்டால் சரியாகிவிடுமாம், போன தடவையும் அப்படித்தான் சரியாச்சாம். கடைக்காரரும் ஆமாம் போட்டுக்கொண்டே டீயை ஆற்றினார்.

அவ்வளவுதான்... எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"கீழ கொண்டுபோகாதீங்க. டாக்டர்ட்ட கொண்டுபோங்க. நெஞ்சுல குழாய வச்சுக் கேக்கச் சொல்லுங்க, மலையாம் மலை!" என்று கத்திவிட்டேன்.

யாருய்யா நீ, உனக்கென்ன சோலி என்று கூட வந்தவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்துவிட்டேன். எங்கே போகணும் என்று கண்டக்டர் இரண்டு தரம் கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

எனக்கென்ன சோலி? அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

அருளாயி மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் இளவட்டத்திலேயே இலங்கைக்குப் போய், ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அங்கே லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர் மதினி. கணக்கப்பிள்ளை போய் கொழுந்து எடுக்கிற பெண்ணைக் கட்டுவதா என்று அங்கே பெரிய ரகளையே நடந்ததாம். அண்ணன் பிடிவாதக்காரர், கட்டிக்கொண்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினபோது, பெண் பிள்ளையும் டிரங்குப் பெட்டியுமாக மூன்று பேரும் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அண்ணனுக்கு ஒரு காய்கறி ஏஜென்டிடம் வேலை. மதினிக்கு ஒரு ஸ்கூல் ஹாஸ்டல் கிச்சனில் வேலை. வீடு சரிவில் கீழே, ஹாஸ்டல் சரிவில் மேலே. நடுவில் தைலமரங்களுக்குள் புகுந்து போகிற ஒரு குறுக்குப் பாதை. வெள்ளனே எழுந்து, ஸ்வெட்டருக்கு மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பாதையில் மதினி ஏறுகிற வேகத்தைப் பார்க்கணுமே... நான் பின்னால் ஓட வேண்டியிருக்கும். என் வீடும் அந்தச் சரிவில்தான், ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போகிற எனக்கும் அதே பாதைதான். "என்ன தம்பி, புஸ்தகம் தூக்குறவருக்கே இவ்வளவு மூச்சா? வெரசா வாங்க" என்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் மூன்று நாலு வருஷத்துக்கு முன்னால், மழை முடிந்த சமயத்தில், பாதி வழியில் நிற்க ஆரம்பித்தார்.

இங்கே எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொடைக்கானல்காரன் வியூ பார்க்க மாட்டான். நீங்களெல்லாம் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிற பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று பேசிக்கொண்டிருப்போம். ஏரியில் போட்டில் போனதே இல்லை என்கிறவர்கள் எங்கள் தெருவில் பாதிப் பேர். வியூ என்பது டூரிஸ்ட் சமாச்சாரம். ஆகவே உள்ளூர்க்காரர் ஒருவர் பாதையில் நின்று எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

மதினி நின்றார். குறுக்குப் பாதையின் நடுவில் ஒரு வளைவு. அங்கே ஒரு தைலமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, பாதைக்கு மறுபக்கம் முகத்தைத் திருப்பி, எதையோ பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "சும்மா வேடிக்கை பாக்குறேன் தம்பி. ஓடியாடி என்னத்தக் கண்டோம், நீங்க முன்னால போங்க" என்பார்.

விடுவோமா நாங்கள்? மதினி டூரிஸ்ட் ஆயிட்டாங்க, போட்டிங் போகலாமா, குதிரை சவாரிக்குச் சொல்லட்டுமா — தினம் ஒரு கிண்டல். என் மனைவி ஒருநாள் கூலிங் கிளாஸ் வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். கொடைக்கானலில் வியூ தெரிகிற இடமெல்லாம் ஏதாவது ஒரு பாயிண்ட்தானே? ஹாஸ்டல் பிள்ளைகள் அந்த வளைவுக்கு அருளாயி பாயிண்ட் என்று பேரே வைத்துவிட்டார்கள். மதினியும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் நின்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏற அவரால் முடியவில்லை, அது எங்கள் மண்டையில் உறைக்கவில்லை.

கொஞ்ச நாளில் குறுக்குப் பாதையையே விட்டுவிட்டு, சுற்று ரோடு வழியாக அரைமணி முன்னதாகக் கிளம்ப ஆரம்பித்தார். அப்போதுதான் அண்ணனுக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. கூடி உட்கார்ந்து பேசினோம். பேசி என்ன? மலையில் பிறந்து வளர்ந்த எங்கள் எல்லாருக்கும் ஒரே மருத்துவம்தான் தெரியும். வயசாச்சு, மூச்சு வாங்குது, அப்படியென்றால் மலை ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் கீழே இறங்கிவிட்டு வரணும். எங்கள் மலைக் கிராமங்களில், மன்னவனூரானாலும் போளூரானாலும், இதைத்தான் சொல்வார்கள்.

மதினி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் மலையிலயே பொறந்தவ தம்பி. முதுகுல கூடையோட மலையேறிக் கொழுந்து எடுத்தவ. எனக்கா மலை ஒத்துக்காது?"

"அது அந்த ஊரு மலை மதினி. இது வேற சாதிக் குளிரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மதினிக்கு ஒரு நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்குத் திருப்தி வேறு.

வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். இனிதான் கொடுமை. மதினிக்கு அங்கே சரியாகிவிட்டது! மூச்சு வாங்கவில்லை, நெஞ்சை அடைக்கவில்லை, முகத்தில் ஒரு தெளிச்சி. ஒரு மாசம் கழித்துப் பஸ்ஸில் வந்து இறங்கினபோது, பார்த்தியா, நான் சொல்லலை, மலைதான் என்று ஆளுக்கு ஆள் பெருமைப்பட்டுக்கொண்டோம். ஏன் சரியாகாது? தரை மட்டமான ஊர், ஏற ஒரு மேடு கிடையாது. மகள் ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தூக்க விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் மூச்சு வாங்கும்? மேலே வந்து ஹாஸ்டல் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பழையபடி ஆச்சு. மறுபடி கீழே அனுப்பினோம். மறுபடி சரியாச்சு. மறுபடி மேலே. இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு தடவையும் எங்கள் மருத்துவம் பலித்தது, அதனாலேயே ஒருத்தருக்கும் டாக்டர் ஞாபகம் வரவில்லை.

போன வருஷம் மாதா கோயில் திருநாள். பகல் பவனி. பாட்டுப் பாடிக்கொண்டு மேட்டில் ஏறும்போது மதினி பேச்சுமூச்சில்லாமல் சாய்ந்துவிட்டார். சாய்ந்தவர் ஒரு நிமிஷத்தில் கண் திறந்து, ஒண்ணுமில்ல, வெயில் என்றார். வெயிலா? எங்கள் ஊரிலா? அப்போதுதான் முதல் தடவையாகப் பயந்தேன்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர், சின்ன வயசு. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். நெஞ்சில், பிறகு கழுத்தில். அப்புறம் மூன்று கேள்விகள். மேடு ஏறினால் மூச்சு வாங்குமா? நெஞ்சை இறுக்கிப் பிடிக்குமா? தலை சுற்றிக் கண் இருட்டுமா? மூன்றுக்கும் மதினி தலையை ஆட்டினார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்த அண்ணன் மதினி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு ஒன்றுதான் தெரியும், மற்ற இரண்டும் தெரியாது.

சின்ன வயசில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்து, மூட்டு வீங்கியதா என்று டாக்டர் கேட்டார். மதினி யோசித்துவிட்டுச் சொன்னார். சின்னப் பிள்ளையாக லயத்தில் இருக்கும்போது, மழைக்காலம். ஒரே காம்பராவுக்குள், அதாவது ஒற்றை அறைக்குள், ஒட்டிக்கொண்டு அத்தனை பேர் படுத்துக் கிடப்பார்கள். அப்போது ஒரு காய்ச்சல் வந்ததாம். இன்றைக்கு ஒரு முட்டி வீங்கும், நாளைக்கு இன்னொரு முட்டி. அம்மாக்காரி நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாராம். அது போய்விட்டது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கடல் தாண்டி வந்த பிறகு அதை யார் நினைத்துக்கொண்டிருந்தார்கள்?

அந்தக் காய்ச்சல் மூட்டை விட்டுவிட்டு இருதயத்தைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது.

மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய டாக்டர் பொறுமையாக விளக்கினார். வால்வு என்றால் எனக்கு சைக்கிள் ட்யூப்தான் தெரியும். இருதயத்திலும் உண்டாம். இருதயம் ஒவ்வொரு தரம் ரத்தத்தைத் தள்ளும்போதும் திறந்து மூடுகிற சின்னக் கதவு. அது தடித்து, இறுகி, சரியாகத் திறக்காமல் போய்விடுகிறது. சின்ன இடுக்கு வழியாக அத்தனை ரத்தத்தையும் தள்ளித் தள்ளி இருதயம் ஓய்ந்துபோகிறது. உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த இடுக்கு போதும். மேடு ஏறுகிறவருக்குப் போதாது.

யாருக்கு வரும் என்று கேட்டேன். பத்தி எழுதுகிறவன் அல்லவா, அந்த நேரத்திலும் புத்தி அங்கேதான் போகிறது. மதினி மாதிரி சின்ன வயசில் மூட்டுக்காய்ச்சல் வந்தவர்களுக்கு வரலாம். கதவுக்கு மூன்று மடல் இருக்க வேண்டியதில் இரண்டே மடலோடு பிறக்கிறவர்கள் உண்டாம், அவர்களுக்கும் வரலாம். ஒன்றுமே இல்லாமல் வெறும் வயசாலேயும் வரும். கீழே கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைக்கிற பாத்திரத்தில் வெள்ளையாகப் பக்குக் கட்டுமே, அதுபோல் அந்த மடல்களில் சுண்ணாம்பு படிந்துவிடுமாம். பிரஷர், சுகர், கொழுப்பு, கிட்னிக் கோளாறு, பீடி சிகரெட் — இதெல்லாமும் சேர்ந்து கெடுக்கிறது என்று சந்தேகப்படுகிறோம் என்றார். அண்ணன் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்தது. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வீட்டுக்குள் ஊதியவர். கையால் பையை மூடிக்கொண்டார்.

மலைக்காற்றாலே வருமா என்று அண்ணன்தான் கேட்டார். இல்லை என்றார் டாக்டர். குளிரால்? இல்லை. பச்சைத் தண்ணியில் கை வைத்ததால்? இல்லை. அண்ணன் ஏதாவது ஒன்றுக்கு அவர் ஆமாம் சொல்ல மாட்டாரா என்று கேட்டுக்கொண்டே போனார்.

மருந்தால் அந்தக் கதவு திறக்காது. ஆபரேஷன் செய்து வேறு கதவு பொருத்த வேண்டும், மெட்ராஸில் செய்கிறார்கள். போனோம். படுக்க வைத்து எல்லாம் பார்த்தார்கள். அப்புறம் எங்களை மட்டும் வெளியே கூப்பிட்டார் அந்த டாக்டர். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை.

"இருதயம் ரொம்ப ஓய்ஞ்சு போச்சு. கிட்னியும் சரியில்லை. டேபிள்லயே போயிருவாங்க. முதல்ல மூச்சு வாங்கினப்பவே கொண்டு வந்திருந்தீங்கன்னா, நானே தைரியமாப் பண்ணியிருப்பேன்."

முதலில் மூச்சு வாங்கினபோது நாங்கள் கூலிங் கிளாஸ் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இனி ஒரு மேடுகூட ஏறக்கூடாது என்று உத்தரவு. சரிவில் கிடக்கிற வீட்டில் எப்படி இருப்பது? வாசலை விட்டு இறங்கினாலே மேடு. ஆகவே மறுபடியும் வத்தலக்குண்டு. இந்தத் தடவை திரும்பி வருகிற பேச்சே இல்லை. ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாரும் ரோடு வரைக்கும் வந்து டாட்டா காட்டினார்கள். மதினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். என்ன பேசுவது? வெயில் ஜாஸ்தி இருக்கும், மோர் குடிங்க என்று ஏதோ உளறினேன்.

சித்திரையில் கடைசியாகப் பார்த்தேன். மகள் வீட்டு வராந்தாவில் கட்டிலில், முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுமாம். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. நெருப்பாகக் கொட்டுகிற வெயில். முன்பு இதே வராந்தாவில்தான் அவருக்குச் சரியாகிச் சரியாகி எங்களை ஏமாற்றியது.

பேச முடியவில்லை அவருக்கு. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு தடவை நிறுத்தி, நிறுத்தி...

"இங்க மேடே இல்ல தம்பி. ஆனாலும் வாங்குது."

நழுவின தலையணையை நிமிர்த்தி வைத்தேன்.

"அப்ப, மலை இல்லதானே?"

டாக்டர் சொல்லி அவருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும் போலிருக்கிறது. வேற சாதிக் குளிர் என்று சொன்ன வாய் அல்லவா? இல்ல மதினி, மலை இல்ல என்றேன். மெதுவாகத் தலையை ஆட்டினார். கோபம் இல்லை அந்த முகத்தில், இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அப்புறம், தன்னை மேலே கொண்டுபோய்ப் புதைக்கச் சொல்லி அண்ணனிடம் சொல்லணும் என்று கேட்டுக்கொண்டார். அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கடவுள் மேல் பழி போட எனக்கும் ஆசைதான். இலங்கை லயத்தின் மேல், அந்தக் காலத்து ஒழுகுகிற கூரையின் மேல் போடலாம். போட்டும் பார்த்தேன். மனசு ஆறவில்லை. காய்ச்சல் வந்தது எங்கள் தப்பில்லை, நிஜம்தான். ஆனால் நேற்று வரை ஏறின மேட்டில் இன்றைக்கு ஒருத்தர் நின்றால், அதற்கு வயசு என்றும் மலை என்றும் பேர் வைத்துவிட்டுப் போகிறோமே, அது யார் தப்பு?

வேனில் கொண்டுவந்தோம். ரோட்டோடு வேன் நின்றுவிட்டது. வீட்டில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, கல்லறைத் தோட்டத்துக்குக் குறுக்குப் பாதை வழியாகத்தான் தூக்கிப்போக வேண்டும். ஹாஸ்டல் கிச்சன் ஆட்கள்தான் தூக்கினார்கள், எல்லாரும் திடகாத்திரமான ஆட்கள். அண்ணனை ஒருத்தர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். நான் பின்னால் ஏறினேன்.

பாதி வழியில், அந்த வளைவில், தூக்கினவர்களுக்கு மூச்சு வாங்கியது. தோள் மாற்றுவதற்காகப் பெட்டியை இறக்கி வைத்தார்கள். எல்லாரும் நின்றோம். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தை நான் தாண்டித்தான் போயிருக்கிறேன், நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. மதினி கை ஊன்றுகிற தைலமரம் பக்கத்திலேயே இருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு, அவர் முகத்தைத் திருப்பி நிற்கிற பக்கமாக நானும் திரும்பிப் பார்த்தேன்.

ஏரி தெரியவில்லை. பள்ளத்தாக்கு தெரியவில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு லாட்ஜ் கக்கூஸின் பின்சுவர் — பாசி பிடித்தது, ஒரு துருப்பிடித்த குழாயோடு. அருளாயி பாயிண்டில் பார்க்க வேறு ஒன்றுமே இல்லை.